சாம்பிள் ஓகே என்று எழுதும் முன்

பின்னலாடைத் தொழிற்சாலையின் சாம்பிள் ரூமிலிருந்து வரும் டி-ஷர்ட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். தோளிலிருந்து ஹெம் (கீழ் மடிப்பு) வரை ஒரே டெய்லர் தைத்திருப்பார். அவர் அந்தத் தொழிற்சாலையிலேயே கை தேர்ந்தவராக இருப்பார். ஊசி புதிது. துணியை ஒற்றை அடுக்காகப் போட்டுக் கத்தரியால் நிதானமாக வெட்டியிருப்பார்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று யாரும் பின்னால் நின்று கேட்பதில்லை. கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டையான ரிப் முரண்டு பிடித்தால் விரலால் லேசாக இழுத்துக் கொடுத்துச் சரிசெய்துவிடுவார்.

அதே டி-ஷர்ட் பல்க்குக்கு, அதாவது மொத்த உற்பத்திக்கு, போகும்போது நிலைமை வேறு. துணி அடுக்கடுக்காக விரிக்கப்பட்டு மெஷின் கத்தியில் வெட்டுப்படும். தோளை ஒருவர் ஓவர்லாக் செய்வார். ரிப்பை இன்னொருவர் ஏற்றுவார். கையை வேறொருவர் வைப்பார். ஹெம் ஃபிளாட்லாக்கில் மற்றொருவரிடம் போகும். யாருக்கும் முழுச் சட்டையைப் பார்க்க நேரமில்லை. பேச்சில் என்னவோ இரண்டுக்கும் ஒரே ஸ்டைல் நம்பர்தான்.

பையர், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தின், தரப்பில் உட்கார்ந்து பின்னலாடை சாம்பிள்களைப் பார்த்து அப்ரூவல் தருவது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: கையில் இருக்கிற பீஸ் நன்றாக இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதே. அந்தத் தையல் லைன், அந்தத் துணியில், அந்த வேகத்தில் இதையே திரும்பத் திரும்பத் தர முடியுமா என்று பார். நாம் ஓகே சொல்வது ஒரு சட்டைக்கு அல்ல, அதற்குப் பின்னால் வரப்போகிற ஆயிரக்கணக்கான சட்டைகளுக்கு.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் ஒரு பேட்டர்ன் மாஸ்டர். ஒரு ஃபிட் சாம்பிளில் கழுத்து அத்தனை அழகாகப் படிந்திருந்தது. பாராட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "மேடம், இது நம்ம சாம்பிள் டெய்லர் கை. லைன்ல இப்படி உக்காராது. ரிப் நீளத்த அரை சென்டி கூட்டிக்கிட்டோம்னா யார் தச்சாலும் உக்காரும்" என்றார். பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். பேட்டர்னை மாற்றி இன்னொரு பீஸ் தைக்க வேண்டிய வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட மாஸ்டர்கள் இருக்கும் தொழிற்சாலைகளோடு வேலை செய்வது பெரிய நிம்மதி. "மாஸ்டர், இதில் லைனுக்கு எது கஷ்டம்?" என்று இப்போது ஒவ்வொரு சாம்பிளுக்கும் கேட்கிறேன். கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சாம்பிள்களின் வரிசை இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். முதல் மாதிரியான புரோட்டோவில் தோற்றம் மட்டும். ஃபிட் சாம்பிளில் அளவும் உடம்பில் உட்காரும் விதமும். இந்த இரண்டிலும் கையில் கிடைத்த துணி, கிடைத்த நூல், கிடைத்த லேபிள் என்று போட்டால் நான் ஒன்றும் சொல்வதில்லை. டம்மியில் மாட்டிப் பார்ப்பதோடு, ஒரு மனிதரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டம்மி கையைத் தூக்காது.

ஒவ்வொரு சைஸிலும் ஒரு பீஸ் தைத்து அனுப்பும் சைஸ் செட்டைத்தான் பலரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். அளவு அட்டவணையில் எல்லா எண்களும் டாலரன்ஸுக்குள் (அனுமதித்த வித்தியாசத்துக்குள்) இருக்கும், டிக் போட்டுவிடுவார்கள். நான் மிகச் சிறிய சைஸையும் மிகப் பெரிய சைஸையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைப்பேன். மீடியத்தில் நெஞ்சு நடுவே அழகாக உட்கார்ந்த 28 செ.மீ. அகலப் பிரிண்ட், எக்ஸ்எஸ்ஸில் அக்குளை நோக்கி ஓடும். 3எக்ஸ்எல்லில் அதே பிரிண்ட் நடுவில் தனியாக நிற்கும். எல்லா சைஸுக்கும் ஒரே ஸ்க்ரீன் என்று விலை பேசும்போதே முடிவாகியிருக்கும், அதை யாரும் சைஸ் செட்டில் சரிபார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு ஸ்க்ரீன் வேண்டுமென்றால் அதைப் பேச வேண்டிய நாள் இதுதான். பிரிண்டிங் யூனிட்டுக்கு பேனல் போன பிறகு பேசுவதில் யாருக்கும் பயனில்லை.

நிறத்துக்கு வருகிறேன். சண்டைகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

சாயப்பட்டறையின் லேப் சில கிராம் துணியை பீக்கரில் சாயமேற்றி ஏ, பி, சி என்று லேப் டிப் அனுப்பும். அதை ஜன்னலோரம் நின்று பார்த்து "பி நன்றாக இருக்கிறது" என்று சொல்வது அப்ரூவல் ஆகாது. காலை வெயில் ஒரு நிறம், மாலை வெயில் ஒரு நிறம். நடுநிலையான சாம்பல் நிறச் சுவர் கொண்ட லைட் பாக்ஸில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டி65 விளக்கு, பகல் வெளிச்சத்துக்கு ஈடானது, சுமார் 6500 கெல்வின். டிஎல்84, கடை வெளிச்சத்துக்காக, சுமார் 4000 கெல்வின். பிறகு பழைய குண்டு பல்பு போன்ற ஏ விளக்கு. டி65-இல் பையர் தந்த நிறத் துணுக்கான ஸ்வாட்சோடு அச்சாகப் பொருந்தியது டிஎல்84-இல் செம்மை தட்டிப் பிரிந்துபோனால் அது மெட்டாமெரிசம். சாயக் கலவையே வேறு என்று அர்த்தம். மேலும் கொஞ்சம் சாயம் சேர்த்துச் சரிசெய்ய முடியாது, ரெசிபியையே மாற்ற வேண்டும். அதனால் எந்த விளக்கு முதன்மை, எது இரண்டாவது என்பதை லேப் டிப் அனுப்பச் சொல்லும்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி, நிற வித்தியாசம் (டெல்டா ஈ) 1-க்குள் என்று காட்டினாலும் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன். மந்தமான சாம்பல், பழுப்பு நிறங்களில் கருவி பாஸ் என்று சொல்வதைக் கண் ஏற்காத நேரங்கள் உண்டு.

இன்னொன்று, ரிப். உடல் துணி வெறும் காட்டன் சிங்கிள் ஜெர்ஸி. கழுத்து ரிப்பில் லைக்ரா இருக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் சாயம் ஏற்றினாலும் பின்னலும் நூலும் வேறு என்பதால் நிறம் வேறாகத் தெரியும். லேப் டிப் உடல் துணிக்கு மட்டும் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கழுத்தும் உடலும் ஒரு விரற்கடை தூரத்தில் அடுத்தடுத்து இருக்கப்போகிறவை. வாங்குகிறவரின் கண் முதலில் போவதும் அங்கேதான்.

துவைத்துப் பார்க்காத சாம்பிளுக்கு நான் அப்ரூவல் தருவதில்லை. பின்னல் துணி, அதை நெருக்கி அழுத்தும் காம்பாக்டிங் முடிந்து, நீராவி அயர்னிங்கும் முடிந்து வரும்போது ஒரு அளவு காட்டும். முதல் துவைப்பில் அது தன் சொந்த அளவுக்குத் திரும்பும். சுருக்கத்துக்கு 5 சதவீதம் வரை என்று பல பையர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். 70 செ.மீ. நீளமுள்ள சட்டையில் 5 சதவீதம் என்பது மூன்றரை செ.மீ. போட்டுக்கொள்கிறவருக்கு இடுப்பு தெரிகிற அளவு அது. சதவீதமாகப் படிக்கும்போது சின்னதாகத் தெரிகிற எண்ணை டேப்பில் நீட்டிப் பார்த்தால்தான் உறைக்கும். சிங்கிள் ஜெர்ஸியில் நூலின் முறுக்கு காரணமாகச் சட்டையே திரும்பும். பக்கத் தையல் தொப்புளை நோக்கி நகரும். துவைக்காத பீஸில் இது தெரியவே தெரியாது. அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் நேராக்கி வைத்திருக்கும்.

ஊசி ஓட்டையும் அப்படித்தான். முனை மழுங்கிய ஊசியும் தடித்த ஊசியும் பின்னல் இழையை வெட்டிவிடும். அன்று தெரியாது. துவைத்து இழுக்கும்போது தையலோரம் பொத்தல் பொத்தலாக வரும். சாம்பிள் டெய்லரின் புது ஊசி இதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் லைனில் தைத்த பீஸை மூன்று முறையாவது துவைத்து, தையலை இரு கையாலும் இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, பார்க்க 100 சதுர செ.மீ. வட்டத்தை வெட்டி எடை போட்டு 100-ஆல் பெருக்குவது எல்லோரும் செய்வது. எங்கே எடை போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காட்டன் ஈரத்தை உறிஞ்சும். இயல்பான நிலையிலேயே அதன் உலர் எடையில் 8.5 சதவீதம் ஈரம் என்பது வணிகக் கணக்கு. அதனால்தான் 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் துணியை வைத்திருந்து பிறகு எடை போட வேண்டும் என்று பரிசோதனை விதி சொல்கிறது. துணியை விரித்துச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டரிலிருந்து இறங்கிய சூடு ஆறாத துணியையும் மழைநாளில் குடோனில் கிடந்த துணியையும் ஒப்பிட்டு "ஜிஎஸ்எம் குறைகிறது" என்று சண்டை போடுவதில் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண்.

இத்தனையும் தாண்டி வருவது பிபி சாம்பிள், உற்பத்திக்கு முந்தைய மாதிரி. என் முழுக் கவனமும் இதில்தான். பல்க்குக்கு வாங்கிய அதே துணி, அதே நூல், அதே லேபிள், அதே பட்டன், அதே பாலிபேக். தைப்பதும் எந்த லைன் பல்க் தைக்கப்போகிறதோ அந்த லைன். இதில் ஒன்று மாறினாலும் அது பிபி சாம்பிள் அல்ல, அழகான இன்னொரு ஃபிட் சாம்பிள். "வாஷ் கேர் லேபிள் மட்டும் இன்னும் வரலை மேடம், மத்ததெல்லாம் ஒரிஜினல்" என்பார்கள். லேபிள்தானே என்று விடத் தோன்றும். அந்த லேபிளின் ஓரம் கழுத்தைக் குத்துமா, துவைத்தால் எழுத்து அழியுமா என்பதெல்லாம் அது வந்த பிறகுதானே தெரியும்? அப்ரூவலை நிறுத்தி வைப்பேன். கட்டிங்குக்கு மட்டும் அனுமதி தர முடியுமா என்று பார்ப்பேன். துணி, அளவு, பேட்டர்ன் மூன்றும் உறுதியாகிவிட்டால் அதைத் தரலாம். ஆனால் அதை அப்படியே எழுத வேண்டும்: கட்டிங் தொடங்கலாம், தையல் தொடங்கக் கூடாது, லேபிளோடு இன்னொரு பீஸ் வர வேண்டும்.

எழுதுவது என்று வந்ததால் சொல்கிறேன். இந்த வேலையில் பாதி, கமென்ட் எழுதுவது. "கழுத்து கொஞ்சம் டைட்", "ஹெம் இன்னும் நீட்டாக வரணும்" போன்றவை கமென்ட்டே அல்ல. கழுத்து அகலம் 17 செ.மீ. இருக்கிறது, 18 வேண்டும், ரிப்பின் உயரம் மாறக் கூடாது, துவைத்த பின் அளந்தது என்று எழுத வேண்டும். எந்த இடத்தைச் சொல்கிறோம் என்று அம்புக்குறி போட்ட படம் வேண்டும். எதிரில் உட்கார்ந்து படிக்கிறவர் வேறு மொழிக்காரராக இருக்கலாம், அவர் அதைத் தையல்காரருக்கு மூன்றாவது மொழியில் சொல்லப்போகிறவராக இருக்கலாம். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

"அப்ரூவ்ட் வித் கமென்ட்ஸ்" என்ற முத்திரை எனக்குப் பிடிக்காத ஒன்று. படிக்கிறவர் கண்ணில் முதல் சொல் மட்டும்தான் விழும். தவிர்க்க முடியாதபோது அதைப் பயன்படுத்துவேன், ஆனால் ஒவ்வொரு கமென்ட்டுக்கும் பக்கத்தில் "பல்க்கில் திருத்தினால் போதும்" அல்லது "திருத்திய பீஸ் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்" என்று பிரித்து எழுதுவேன். இரண்டாவது வகை ஒன்று இருந்தாலும் மேலே அப்ரூவ்ட் என்று எழுதமாட்டேன். ரிஜெக்ட், ரீசப்மிட். கோபித்துக்கொள்வார்கள். அன்றைக்கு மட்டும்தான்.

ஓகே ஆன பீஸுக்கு சீல் போட வேண்டும். ஸ்டைல் நம்பர், தேதி, கையெழுத்து போட்ட டேக், கழற்றினால் உடைகிற நம்பர் சீல். ஒன்று எங்களிடம், ஒன்று தொழிற்சாலையின் செக்கிங் மேஜையில், ஒன்று இன்ஸ்பெக்டரிடம். மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று பேரும் மூன்று உண்மைகளோடு வாதாடுவார்கள். தொழிற்சாலைப் பீஸ் மெர்ச்சண்டைசரின் பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது லைன் சூப்பர்வைசர் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அனுப்புகிறோம்.

வெள்ளைச் சட்டையின் சீல்டு சாம்பிளில் ஒரு சிக்கல் உண்டு. சில பிளாஸ்டிக் பைகளில் பிஎச்டி (BHT) என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு சேர்ந்து அது துணியை மஞ்சளாக்கும். குடோனில் வைத்த வெள்ளைச் சட்டைகள் மடிப்போரம் மஞ்சளானதற்கு "சலவை சரியில்லை" என்று சாயப்பட்டறையைத் திட்டுவார்கள், குற்றவாளி பையாக இருக்கும். இதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 105-எக்ஸ்18 என்ற தனிப் பரிசோதனையே இருக்கிறது. ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் சாம்பிளே நிறம் மாறினால் எதை வைத்து ஒப்பிடுவது? பிஎச்டி இல்லாத பை, இருட்டான அலமாரி.

சீல்டு சாம்பிளின் அருமை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் அன்று தெரியும். ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி 1,201 முதல் 3,200 வரையிலான லாட்டுக்குப் பொதுப் பரிசோதனை நிலை 2-இல் 125 பீஸ் எடுப்பார்கள். ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க குறைபாட்டு அளவு, 2.5 என்றால் 7 குறைபாடு வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். கணக்கு இவ்வளவு துல்லியம். ஆனால் எது குறைபாடு என்பதை அட்டவணை சொல்லாது, சாம்பிள் சொல்லும். நான் சீல் போட்ட பீஸில் ஹெம் லேசாக அலை அடித்திருந்தால், பல்க்கில் ஹெம் அலை அடிப்பதைக் குறைபாடு என்று அந்த இன்ஸ்பெக்டரால் எண்ண முடியாது. தொழிற்சாலைக்காரர் சீல்டு பீஸை எடுத்து மேஜையில் போடுவார். அவர் செய்வது நியாயம்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. பன்னாட்டுச் சரக்கு விற்பனைக்கான 1980 வியன்னா உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு, விற்பவர் மாதிரியாகக் காட்டியதன் தன்மைகள் சரக்கில் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் முன்னால் 1887-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த டிரம்மண்ட் எதிர் வான் இங்கன் வழக்கு, துணித் தொழிலில் இருப்பவர்கள் அறிய வேண்டியது. கோட்டுக்கான கம்பளித் துணி சாம்பிள்படியே வந்தது. ஆனால் தைத்துப் போட்டால் நெசவு வழுக்கிப் பிரிந்தது. அந்தக் குறை சாம்பிளிலேயே இருந்தது, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. சாம்பிள் தானே பேசும், ஆனால் அக்கறையோடு பார்க்கும் ஒரு வணிகருக்கு எவ்வளவு சொல்லுமோ அதற்கு மேல் அது சொன்னதாகக் கொள்ள முடியாது என்ற அடிப்படையில், ஒளிந்திருந்த குறைக்கு நெய்தவர்களே பொறுப்பு என்று தீர்ப்பானது. அதாவது பார்த்தால் தெரிகிற குறை நம் தலையில், பார்த்தாலும் தெரியாத குறை அவர்கள் தலையில். சுருக்கமும் முறுக்கமும் துவைத்துப் பார்த்தால் தெரிகிறவை. நான் ஏன் துவைக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைகள் உடையில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஹூடியின் கழுத்தில் கயிறு அழகாகத்தான் இருக்கும். ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுகயிறு கூடாது என்று ஐரோப்பியத் தரம் இஎன் 14682 சொல்கிறது, ஏனென்றால் சறுக்குமரத்தில் மாட்டிக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். பிரஸ் பட்டனை இழுவைக் கருவியில் மாட்டி 90 நியூட்டன் விசையில் 10 விநாடி பிடிக்க வேண்டும் என்று பல பையர்கள் கேட்பதும் அதனால்தான். கழன்றால் அது நேராக வாய்க்குள் போகும். இந்தச் சோதனை பல்க் துணியில் செய்யப்பட வேண்டும். மெல்லிய துணியில் பட்டன் கழலாது, துணியே பட்டனோடு பிய்த்துக்கொண்டு வரும்.

மற்ற தொழில்களிலும் சாரம் இதுவே. மோட்டார் வாகன உதிரிபாகங்களில் பிபிஏபி என்று, உற்பத்திக்கு முன் பாகங்களுக்கு ஒப்புதல் தரும் ஒரு முறை உண்டு. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை உண்மையான உற்பத்திக் கருவியில் தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பாகங்கள் ஓட்டி, அதிலிருந்துதான் சாம்பிள் எடுக்க வேண்டும். மெஷின் ஷாப்பில் தனியாகக் கடைந்து எடுத்த ஒற்றைப் பாகத்தை அங்கே யாரும் ஏற்பதில்லை. நம் தொழிலில் மட்டும் ஏன் ஒரு சட்டையோடு திருப்தி அடைகிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு. முடிந்த இடங்களில் ஐம்பது பீஸ் பைலட் ஓட்டச் சொல்கிறேன். அதில் நடுவில் எங்காவது கையைவிட்டு எடுத்த ஐந்தைத்தான் அனுப்பச் சொல்வேன், தேர்ந்தெடுத்த ஐந்தை அல்ல.

நாள் இல்லை என்பதுதான் எப்போதும் வரும் பதில். கப்பல் தேதி நெருங்கிவிட்டது, போட்டோ பார்த்து ஓகே சொல்லுங்கள் என்பார்கள். அளவை வீடியோவில் டேப் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், லேபிள் எழுத்தை போட்டோவில் படிக்கலாம். நிறத்தையும் தொட்டால் தெரிகிற மென்மையையும் எந்த கேமராவாலும் அனுப்ப முடியாது. அவசரத்தில் விட்டதைச் சரிசெய்ய ராத்திரி உட்கார்ந்து தையல் பிரிக்கிறவர்கள் அந்த லைனில் இருக்கும் பெண்கள்தான். பையருக்குத் தள்ளுபடி கிடைக்கும், தொழிற்சாலைக்கு நஷ்டம், அவர்களுக்குத் தூக்கம் போகும். என் மேஜையில் இரண்டு நாள் பிடித்து வைத்தால் அவர்களுக்குப் பல ராத்திரிகள் மிச்சம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ரிப்பீட் ஆர்டர் வந்தால் "போன சீசன் சாம்பிளே இருக்கே மேடம்" என்று கேட்பார்கள். நூல் லாட் மாறியிருக்கும், சாய லாட் மாறியிருக்கும், பல சமயம் லைனே மாறியிருக்கும். பழைய சீல்டு பீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய துணியில் ஒரு பிபி தைக்கச் சொல்லுங்கள், துவைத்துப் பார்த்து, புதிய தேதியோடு புதிய சீல் போடுங்கள். பழைய டேக்கைக் கிழித்துவிட வேண்டாம். அதில் ரத்து என்று எழுதி புதியதோடு சேர்த்தே வையுங்கள், அடுத்த முறை நிறம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க உதவும்.